பள்ளத்தில் தேங்கும் குளிர்: நீலகிரியில் ஓர் உறைபனிப் பயணம்

'அண்ணனும் நானும் ஒரே நாளில், ஒரே மூட்டை விதைக்கிழங்கைப் பிரித்து நட்டோம். மேல் மேடைகளில் அண்ணன் பயிர் பச்சையாக நிற்கிறது. கீழே ஓடையோரம் உள்ள என் 60 சென்ட், ஒரே ராத்திரியில் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் அண்ணன் தன் வரப்பில் களைக்கொல்லி அடித்தார். காரணம் அதுவா, விதைக் கோளாறா, நோயா?'

நீலகிரி மாவட்டம் கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து சென்ற பிப்ரவரியில் வந்த கேள்வி இது. கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. 'இதனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.'

உறைபனிதான் காரணம் என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அடுத்த கேள்வி உடனே வரும். 'பனி எனக்கு மட்டும் பெய்ததா?' அதற்கான விடையை மலையில்தான் பார்க்க வேண்டும். நான் சமவெளிக்காரன் என்றாலும், பணி நிமித்தம் சில குளிர்காலங்களை நீலகிரியில் கழித்தவன். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியும். இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் பேருந்து ஏறினேன்.

தலைகுந்தாவில் வெள்ளை, மேட்டில் பச்சை

முதல் நாள் விடியும் முன்பே தலைகுந்தா போய்ச் சேர்ந்தேன். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், சில மைல் தொலைவில் உள்ள இடம். வானத்தில் மேகமே இல்லை. நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஓர் இலைகூட அசையவில்லை. வெளிச்சம் வர வர, புல்வெளி முழுவதும் உப்புக் கொட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தது. காலை வைத்தால் நறநறவென்று சத்தம் கேட்டது.

அதே புல்வெளியின் ஓரத்தில் சில மரங்கள் நின்றன. அவற்றின் அடியில், கிளை பரவியிருக்கும் அளவுக்கு மட்டும், புல் பச்சையாக இருந்தது. குடை பிடித்தாற்போல் வட்டமாகப் பச்சை, அதற்கு வெளியே வெள்ளை.

அங்கிருந்து ஊட்டிக்குத் திரும்பினேன். நகரத்தின் பள்ளமான பகுதியில் உள்ள குதிரைப் பந்தய மைதானமும் வெள்ளையாகவே இருந்தது. பிறகு கோத்தகிரி சாலையில் தொட்டபெட்டா சந்திப்பை நோக்கி ஏறினேன். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். உயரே போகப் போகக் குளிர் கூடும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் அன்று சாலை மேலேற மேலேற வெள்ளை குறைந்துகொண்டே வந்தது. முதலில் திட்டுத் திட்டாக இருந்தது. பிறகு வெறும் நீர்ப்பனி. சரிவின் நடுப்பகுதியில் புல்லில் ஈரம் மட்டுமே இருந்தது. கீழே திரும்பிப் பார்த்தால், பள்ளங்கள் மட்டும் பால் ஊற்றிய தட்டுகள்போலத் தெரிந்தன.

பகலில் உயரம் ஏற ஏறக் குளிரும். தெளிந்த, காற்றில்லாத இரவில் பள்ளத்தாக்குகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். இதைப் புரிந்துகொண்டால் கேத்தி வாசகரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

குளிர் ஓடும், தேங்கும்

பகலில் வெயில் வாங்கிய நிலம், இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால், அது கம்பளி போர்த்தியதுபோல் சூட்டில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மரத்தடியில் புல் பச்சையாக இருந்ததும் இதனால்தான். அங்கே கிளைகளும் இலைகளும்தான் கம்பளி. வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் இரவில் தடுப்பு எதுவும் இல்லை. நிலமும் புல்லும் வேகமாகக் குளிரும். அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிரும்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் அது சும்மா நிற்காது. மழைத் தண்ணீர்போலப் பள்ளம் தேடி, மெதுவாக நடக்கும் மனிதனின் வேகத்தில் இறங்கும். கீழே வரப்போ சுவரோ மறித்தால் அங்கேயே தேங்கும். சரிவிலிருந்து குளிர்காற்று வழிந்த இடத்துக்கு மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்று வந்து சேரும். அதனால்தான் சரிவின் நடுப்பகுதி தப்பிக்கிறது. காற்று வீசும் இரவுகளில் மேல் காற்றும் கீழ்க் காற்றும் கலந்துவிடும், உறைபனி விழாது.

'பனி பெய்கிறது' என்று சொல்கிறோம். உண்மையில் அது மேலிருந்து பெய்வதில்லை. காற்றில் உள்ள ஈரம், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த இலையின் மேல் படிந்து பனிக்கட்டியாகிறது. இலை அவ்வளவு குளிராவிட்டால் அது நீர்ப்பனியாகவே நிற்கும்.

இன்னொரு செய்தியும் முக்கியம். வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டரை, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் வைத்திருப்பார்கள். தெளிந்த இரவில் புல்லின் நுனி அதைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாகக் குளிர்ந்திருக்கும். ஆகவே செய்தியில் '3 டிகிரி' என்று கேட்டால், உங்கள் பயிரின் இலை ஏற்கெனவே உறைந்திருக்கலாம்.

தரையோரக் காற்றைப் படித்த பாலக்காட்டுக்காரர்

தரையை ஒட்டிய சில அடி உயரத்துக்குள் வெப்பமும் ஈரமும் காற்றும் எப்படி மாறுகின்றன என்று படிப்பதற்கு நுண்வானிலையியல் என்று பெயர். நம் பயிர்கள் வாழ்வது அந்தச் சில அடிக்குள்தான். இந்தியாவில் இந்தப் படிப்புக்கு வழிபோட்டவர் எல்.ஏ.ராமதாஸ். 1900-ல் பாலக்காட்டில் பிறந்தவர், சர் சி.வி.ராமனிடம் பயின்றவர். 1932-ல் பூனாவில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதை நடத்தினார்.

அதே ஆண்டில் அவரும் ஆத்மநாதன் என்பவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு உலகையே புருவம் உயர்த்த வைத்தது. தெளிந்த இரவில் தரைதான் மிகவும் குளிர்ந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெற்று நிலத்தில் அப்படியில்லை என்று இவர்கள் கண்டார்கள். தரைக்கு மேலே ஒரு சாணிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குள் உள்ள காற்றுதான் அதிகம் குளிர்ந்திருந்தது. அளவெடுத்ததில் பிழை இருக்கும் என்று முதலில் பலர் நம்பவில்லை. பிறகு வேறு இடங்களிலும் அதே முடிவு வந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் பெங்களூரு விஞ்ஞானிகள் இதற்கான காரணத்தை ஆராய்ந்து எழுதினார்கள். இன்று உலகப் புத்தகங்களில் அந்தக் காற்றடுக்குக்கு 'ராமதாஸ் அடுக்கு' என்று பெயர்.

ஒரு சாண் உயரம் என்பது முளைத்து வந்த உருளைக்கிழங்குச் செடியின் உயரம். இந்த ஆராய்ச்சி நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

கேத்தியில் ஒரு கோடு

மறுநாள் விடியும் வேளையில் கேத்திக்குப் போனேன். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அகலமாக விரிந்த பள்ளத்தாக்கு இது. சரிவுகளில் படிப்படியாக மேடைகள், கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், உருளை, பீன்ஸ், பூண்டு என்று மலைக்காய்கறிகள், அடியில் ஓடை.

கேள்வி கேட்ட தம்பி வயலில் காத்திருந்தார். நான் சொன்னபடி அண்ணனையும் ஆள் விட்டு அழைத்திருந்தார்கள். அவர் தன் மேடையில் நின்றார். இவர் இவருடைய மேடையில். நடுவில் அவர்களுடைய அம்மா.

அன்றும் லேசாக உறைபனி விழுந்திருந்தது. வெயில் பள்ளத்துக்குள் இறங்குவதற்குள் நாங்கள் மூவரும் குச்சிகளை எடுத்துக்கொண்டு நடந்தோம். எங்கே வெள்ளை முடிகிறதோ, அங்கே ஒரு குச்சி. 40 குச்சி நட்டபின் மேலே ஏறி நின்று பார்த்தோம். குளத்தில் தண்ணீர் நின்ற மட்டம் கரையில் தெரியுமே, அதுபோல ஒரே மட்டத்தில் கோடு ஓடியது. தம்பியின் வயல் முழுவதும் கோட்டுக்குக் கீழே. அண்ணன் வயல் பெரும்பாலும் கோட்டுக்கு மேலே. ஆனால் அண்ணனின் கடைசி மேடையில் ஒரு மூலை மட்டும் தாழ்வாக இறங்கியிருந்தது. அந்த மூலையில் இருந்த இருபது முப்பது செடிகளும் கருகித்தான் கிடந்தன. பாகப்பிரிவினைக் கல்லைக் குளிர்காற்று கண்டுகொள்ளவில்லை.

"களைக்கொல்லியா இருந்தா, சார்?" என்று தம்பி மெதுவாகக் கேட்டார்.

மூன்றுக்கும் வித்தியாசம் காட்டினேன். இதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

உறைபனியில் ஒரே இரவில், ஒரே மட்டத்தில் எல்லாம் கருகும். உச்சி இலைகள் முதலில் போகும். பயிரோடு சேர்ந்து பனி தாங்காத களைகளும் கருகும். இலை முதலில் வெந்ததுபோல் துவண்டு, வெயில் பட்டபின் கறுக்கும். கெடுதல் நடப்பது இரவில். கண்ணுக்குத் தெரிவது காலையில்.

பின்பருவக் கருகல் நோய் இலையின் ஓரத்திலும் நுனியிலும் புள்ளியாகத் தொடங்கும். மேகமூட்டமும் ஈரமும் உள்ள நாட்களில் செடிக்குச் செடி பரவும். ஈரமான காலையில் இலைக்கு அடியில் வெண்பூஞ்சை தெரியும்.

களைக்கொல்லி காற்றில் பரவினால், அடித்த இடத்துக்கு அருகே அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் பாதிப்பு இருக்கும். பக்கத்து வயலின் மட்டத்தைப் பார்த்து அது நிற்காது.

தம்பியின் வயலில், அண்ணனின் வரப்பிலிருந்து மிகத் தள்ளியிருந்த ஓடையோரத்தில்தான் கருகல் அதிகம். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அண்ணன்தான் இறங்கி வந்து, "மூட்டைக்கு என்ன ஆச்சோ அதுல பாதி நான் தர்றேன், மறுபடி நட்டுக்கோ" என்றார். அம்மா திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேலியே அணையானது

ஆனால் ஒரு கேள்வி மிச்சம். அம்மா சொன்னார், "எங்க மாமனார் காலத்துலயும் பள்ளத்துல பனி உண்டு, சார். ஆனா ஓடைக்கரையில ரெண்டு பாத்திதான் போகும். இப்பத்தான் வயல் முழுக்கப் போகுது."

வயலின் கீழ் எல்லையில் அதற்கு விடை நின்றது. காட்டெருமையும் காட்டுப்பன்றியும் வராமலிருக்க, சில ஆண்டுகளுக்கு முன் தம்பி சைப்ரஸ் கன்றுகளை நெருக்கமாக நட்டிருந்தார். இப்போது அது ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்து, தரையிலிருந்து உச்சிவரை அடைத்து நிற்கிறது. விலங்குக்கு வைத்த வேலி, குளிர்காற்றுக்கு அணையாகிவிட்டது. மேலிருந்து இறங்கி ஓடை வழியே வெளியேற வேண்டிய குளிர், வயலிலேயே தேங்கியது.

வேலியை வெட்டினால் காட்டெருமை வரும். விட்டால் குளிர் தேங்கும். இரண்டும் வேண்டாமென்றால் ஒரு வழி உண்டு. ஓடையை ஒட்டிய தாழ்வான பகுதியில், ஒரு வண்டி போகும் அகலத்துக்கு வேலியை எடுத்துவிட்டு, அங்கே மட்டும் வலுவான கம்பிவலை அடிக்க வேண்டும். மற்ற இடங்களில் அடிக்கிளைகளை முழங்கால் உயரத்துக்கு மேல்வரை கழித்துவிட வேண்டும். கம்பிவலையில் காட்டெருமை நிற்கும், காற்று நிற்காது.

மேல் எல்லையில் இதற்கு நேர்மாறு. அங்கே அடர்ந்த வேலியைச் சற்றுச் சாய்வாக அமைத்தால், மேலிருந்து வரும் குளிர்காற்றை வயலுக்குப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுகிற அதே யோசனைதான்.

தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் பனியும்

நீலகிரியில் ஜனவரி, பிப்ரவரியில் நடும் உருளைக்கிழங்கை நீர்போகம் என்பார்கள். மழை இல்லாத காலம். ஓடைத் தண்ணீர் எட்டுகிற பள்ளத்து நிலத்தில்தான் அதைச் செய்ய முடியும். பாகம் பிரிக்கும்போது பள்ளத்து நிலத்துக்கு மவுசு அதனால்தான். ஆனால் குளிரும் அங்கேதான் வந்து சேருகிறது. இந்த இரண்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். பள்ளத்து நிலம் வைத்திருப்பவர்கள் வரும் குளிர்காலத்துக்குள் செய்ய வேண்டியவை இவை.

கோட்டைக் குறியுங்கள். உறைபனி விழும் மூன்று, நான்கு காலைகளில் குச்சி நட்டு எல்லையைப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே பீன்ஸ், உருளை போன்ற பனி தாங்காத பயிர்களை உறைபனிக் காலத்தில் வைக்காதீர்கள். முட்டைகோஸ், கேரட், பீட்ரூட் லேசான உறைபனியைத் தாங்கும். உருளைதான் வேண்டுமென்றால், நட்டு முளை மேலே வர மூன்று, நான்கு வாரம் ஆகும் என்பதைக் கணக்கில் கொண்டு, உங்கள் பள்ளத்தில் உறைபனி ஓய்ந்தபின் முளை வெளிவரும்படி நடுங்கள்.

இரவை முன்கூட்டியே அறியுங்கள். மாலையில் வானம் தெளிந்து, காற்று அடங்கி, வறண்ட குளிர் தொடங்கினால் எச்சரிக்கை. இந்திய வானிலைத் துறையின் 'மேக்தூத்' செயலியில் வரும் முன்னறிவிப்பைப் பாருங்கள். ஆனால் அது ஒரு பரந்த பகுதிக்கானது. உங்கள் பள்ளம் அதைவிடக் குளிர்ந்திருக்கும் என்று சில டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் மண்ணை நனையுங்கள். ஈரமான, இறுகிய மண் பகல் சூட்டை நன்றாக வாங்கி, இரவில் திருப்பித் தரும். காய்ந்து பொலபொலவென்று கொத்திவிட்ட மண் அப்படித் தராது. உறைபனிக் காலத்தில் இடைக்கொத்து வேண்டாம்.

செடிக்கு அடியில் வைக்கோல் மூடாக்கு வேண்டாம். வெயில் காலத்துக்கு நாமே சிபாரிசு செய்யும் மூடாக்கு, இங்கே எதிராக வேலை செய்யும். மண்ணின் சூட்டை அது மேலே விடாது. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் அலகாபாத்தில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் வைத்து, தெளிந்த இரவுகளில் ஐஸ் எடுத்தார்கள். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775-ல் இதை எழுதி வைத்திருக்கிறார். மண்ணின் சூடு தட்டுக்கு ஏறாமல் தடுத்தது வைக்கோல். நம் வயலிலும் அதுவே நடக்கும்.

செடிக்கு மேலே மூடலாம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார்க் கிளைகளால் மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலை நாற்றுக்குப் பெரணியும் காய்ந்த புல்லும் போடுவார்கள். மரத்தடிப் புல் தப்பித்த கதைதான் இது. நாற்றங்காலுக்கும் சிறு பாத்திகளுக்கும் ஏற்றது. வெயில் சாய்ந்ததும் மூடி, காலையில் பனி விலகியபின் எடுத்துவிட வேண்டும்.

தெளிப்பு நீர் கவனம். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அதுதான் இலையைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 600 கலோரியை இழுத்துக்கொள்ளும். எனவே வெப்பம் உறைநிலைக்கு இறங்குவதற்கு முன்பே ஸ்பிரிங்க்ளரைத் தொடங்கி, காலையில் பனிக்கட்டி உருகி வடியும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நடுவில் மின்சாரமோ தண்ணீரோ நின்றால், தெளிக்காத வயலைவிட மோசமாகும். விடியும்வரை தண்ணீர் போதாது என்றால் தொடங்கவே வேண்டாம்.

புகை போட்டால் பனி போகும் என்பது பழைய நம்பிக்கை. சூட்டைப் புகை பெரிதாகத் தடுப்பதில்லை. காலை வெயிலைத்தான் மறைக்கும்.

கருகியபின் அவசரப்பட்டுச் செடியைப் பிடுங்காதீர்கள். இளம் உருளைச் செடி மண்ணுக்கடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒரு வாரம், பத்து நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கேத்தித் தம்பியின் வயலில் மண்ணைக் கிளறிப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட செடிகளில் புதுமுளை தெரிந்தது. அண்ணன் தரவிருந்த பணத்தில் கம்பிவலை வாங்குவதாகப் பேச்சு மாறியது.

சமவெளிக்கும் இதே கணக்கு

நம் சமவெளியில் உறைபனி இல்லை. ஆனால் குளிர் தேங்குவது உண்டு. சம்பா நெல்லில் மார்கழி, தை மாதங்களில் ஏரிக்கரை அடியிலும் பள்ளக்காலிலும் உள்ள வயல்களில் நீர்ப்பனி முன்னதாகவே படியும். காலையில் தாமதமாகக் காயும். இலை ஈரம் நீடிக்கும் அந்த வயல்களில்தான் குலைநோய் முதலில் தலைகாட்டும். நோய் பார்க்க வயலைச் சுற்றும்போது பள்ளத்திலிருந்து தொடங்குங்கள். அதேபோல, காற்றே இல்லாத விடியற்காலையில் மருந்து அடித்தால், நுண்துளிகள் தரையோரக் குளிர்காற்றிலேயே மிதந்து, சரிவு வழியே அடுத்த வயலுக்குப் போகும். வெயில் ஏறி, இளங்காற்று வீசத் தொடங்கியபின் அடியுங்கள்.

உங்கள் நிலத்தில் பனி கடைசியாகக் காயும் மூலை எது, மாலையில் முதலில் குளிரும் இடம் எது என்று இந்தக் குளிர்காலத்தில் ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அடுத்த ஆண்டு பயிர் முடிவு செய்யும்போது, மண் பரிசோதனை அட்டைக்குப் பக்கத்தில் அந்தத் தாளும் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால், வயலின் சரிவையும் வேலி இருக்கும் பக்கத்தையும் குறித்து, படத்தோடு கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்புங்கள்.